புளி குடித்த படகு எஞ்சின்

மற்ற பெண்களுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும். ஒச்சம்மாளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பளபளக்கும். வலையபட்டியில் ஏகப்பச் செட்டியார் வீட்டுப் பின்கட்டில் அவள் தேய்த்துக் கவிழ்த்த தவலைகளைப் பார்த்தே, அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு கோபம் என்று வீட்டு ஆச்சி அளந்துவிடுவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தேய்த்து வைத்த தவலையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. ஊருக்குக் கிழக்கே செட்டியாருக்கு ஒரு நெல் மில் இருந்தது. அதன் எஞ்சின் திங்கட்கிழமை மத்தியானம் நின்றுபோயிற்று. எஞ்சினை ஓட்டுகிறவன் ஒச்சம்மாளின் புருஷன் பெத்தன். செட்டியாருக்காக மில்லைப் பார்த்துக்கொண்டிருந்த காரியக்காரர் மெய்யநாதன், நெல் மூட்டையோடு காத்து நின்ற இருபது முப்பது பேருக்கு முன்னால் பெத்தனை நோக்கிக் கையை நீட்டினார்.

"கள்ளைக் குடிச்சுப்புட்டுத் தூங்கிட்டான். எஞ்சினைச் சுட்டுக் கரியாக்கிட்டான். வெள்ளிக்கெழம மொதலாளி வெளியூருலேர்ந்து வாராக. வந்ததும் இவனை வெளிய தள்ளிட்டுத்தான் மறுவேலை."

பெத்தன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அது மறுநாள் விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். மண்வெட்டி எடுத்தால் கஞ்சி கிடைக்கும். ஆனால் ஒரு செட்டியார் வீட்டில் எஞ்சினைக் கெடுத்த குடிகாரன் என்று பெயர் விழுந்தால், செட்டிநாட்டுத் தொண்ணூற்றாறு ஊருக்கும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அவனுக்குத் தெரிந்தது எஞ்சின் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இருந்தது மூன்று நாள்.

குடித்தான் என்று சொன்னதைத்தான் ஒச்சம்மாளால் பொறுக்க முடியவில்லை. பெத்தன் குடிக்கிறவன் என்றால் அதை ஊருக்கு முதலில் சொல்லியிருப்பவளே அவள்தான். அவள் வாய் அப்படி.

அவள் பிறந்தது திருப்பத்தூர்ப் பக்கம், சந்தைக்கு வெள்ளரிக்காய் கொண்டுபோகிற குடும்பம். எழுத்து தெரியாது. வாக்கப்பட்டு வந்த ரெண்டாம் வருஷமே பெத்தன் கப்பலேறிப் பர்மாவுக்குப் போய்விட்டான். அங்கே ஏகப்பச் செட்டியாருக்கு நெல் ஏற்றுகிற மோட்டார் படகு ஒன்று இருந்தது. அதில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற ஆளாகச் சேர்ந்து, துடைத்து, கழற்றி, மாட்டி, ஆறு வருஷத்தில் அந்த எஞ்சின் இருமினால் எதற்கு இருமுகிறது என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டான். அந்த ஆறு வருஷமும் ஒச்சம்மாள் செட்டியார் வீட்டுப் பின்கட்டில் அண்டாவும் குத்துப்போணியும் தேய்த்துக் காலம் தள்ளினாள். கடிதம் வந்தால் ஆச்சிதான் படித்துச் சொல்லுவாள்.

பிறகு படகு ஒரு கட்டையில் மோதி அடி பிளந்து போயிற்று. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. செட்டியார் அதைக் கப்பலில் ஏற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கி, மாட்டு வண்டியில் ஒன்பது நாள் இழுத்துக்கொண்டு வலையபட்டிக்கு வரச் செய்தார். ஆற்றில் ஓடின எஞ்சின் மேட்டு மண்ணில் நெல் அரைக்க உட்கார்ந்தது. கூடவே பெத்தனும் வந்தான். காரைக்குடிக்கு ரயில் வருவதற்கு மூன்று நாலு வருஷத்துக்கு முந்தின சேதி இது.

எஞ்சினுக்கு நெருப்பு வயிற்றுக்குள் எரியும். அது வெந்துபோகாமல் இருக்க, அதன் உருளையைச் சுற்றி இரட்டைச் சுவர் வைத்து, நடுவே தண்ணீர் ஓட விட்டிருப்பார்கள். கீழ்க் குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் ஏறும். மேல் குழாய் வழியாக வெந்நீராக வெளியே விழும். படகில் இருந்த மட்டும் அதற்கு ஆறே தண்ணீர் கொடுத்தது. இங்கே மில்லுக்கு அருகில் ஒரு கிணறு இருந்தது. ஏற்றம் வைத்து இறைத்துத் தொட்டியில் நிரப்பினால் அதிலிருந்து எஞ்சின் இழுத்துக்கொள்ளும்.

அந்தக் கிணற்றில்தான் விஷயமே இருக்கிறது.

செட்டியார் பர்மாவில் இருந்தபோதே அவரைப் பெற்ற ஆத்தா, அழகாச்சி, காலமாகிவிட்டாள். கொள்ளி வைக்க வர முடியாமல் போன மகன், ஆத்தா பேரில் தருமக் கிணறு ஒன்று வெட்டச் சொல்லி எழுதினார். இடம் பார்த்ததும் வெட்டியதும் மெய்யநாதன். ஊற்று கண்டதும், "தண்ணீர் இளநீராக இருக்கிறது" என்று கடிதம் போட்டதும் அவர்தான். செட்டியார் ஊர் திரும்பியதும் கிணற்றுக்குப் பூசை நடந்தது. புதுக் கிணற்றின் முதல் தண்ணீரைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, பானகமாகக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். வெல்லமும் ஏலக்காயும் சுக்கும் போட்டுக் கரைத்த தண்ணீரைச் செட்டியார் வாங்கிக் குடித்துக் கண் கலங்கினார். எங்க ஆத்தா மனசு மாதிரி இனிக்குது என்றார். வெல்லம் போட்டால் வேப்பெண்ணெய் கூடத்தான் இனிக்கும். மறுநாள் பச்சைத் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்கு முகம் கோணிற்று. உப்பு. அதுவும் நாக்கில் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு கரிப்பு.

ஆனால் அதை யார் போய்ச் சொல்லுவது. செத்துப்போன ஆத்தா பேரில் வெட்டின கிணறு. கிணற்றடியில் கல்லில் பெயர் வெட்டி வைத்திருக்கிறது. உங்கள் ஆத்தா கிணறு உப்பு என்று எந்த வாயால் சொல்லுவது. செட்டியார் கேட்டபோதெல்லாம் ஊர் ஒரே குரலில் "தேங்காத் தண்ணி மொதலாளி" என்றது. குடிக்க மட்டும் எல்லாரும் ஊருணிக்கே குடத்தோடு போனார்கள். ஒச்சம்மாளும் ஒரு தடவை "தேங்காத் தண்ணி" என்று சொன்னவள்தான். பிற்பாடு அதை நினைத்தால் அவளுக்குத் தன் வாயிலேயே ஒரு போடு போடலாம் போலிருக்கும்.

செவ்வாய்க்கிழமை தவலையைக் கவிழ்த்துவிட்டு அவள் நேராக மில்லுக்குப் போனாள். பெத்தன் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான்.

"குடிச்சீகளா?"

"நீ வேற ஏன் புள்ள."

"தூங்குனீகளா?"

"தூங்கினா இந்நேரம் இது வெடிச்சிருக்கும். தட்டுற சத்தம் மாறுச்சு. தொட்டா கை பொரியிது. வெளிய விழற தண்ணி நூலாட்டம் வருது, ஆவியா வருது. சட்டுன்னு எண்ணெய நிறுத்திட்டேன். அப்படியே கவ்விப் பிடிச்சுக்கிருச்சு. இப்ப ஆறிப் போச்சு, சக்கரம் சுத்துது. உள்ள ஒண்ணும் கெடல."

"அப்ப காப்பாத்துனது நீங்க. அதை ஏன் அங்கன சொல்லலை?"

அவன் எண்ணெய்த் துணியை எடுத்துச் சக்கரத்தைத் துடைத்தான். ஒச்சம்மாள் எஞ்சினைச் சுற்றி வந்தாள். அவளுக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் வெந்நீர் விழுகிற குழாய் எதற்கு என்று தெரியும். அதன் வாயில் சுண்டு விரலை விட்டாள். நகத்துக்கு மேல் போகவில்லை. கட்டை விரல் போகிற குழாய் அது. உள்ளே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வெள்ளையாக, சொரசொரவென்று கல். விரலை நாக்கில் வைத்தாள்.

போன வருஷம் ஊருணியில் தூர் எடுத்தபோது பத்து நாள் செட்டியார் வீட்டில் குளிக்கிற வெந்நீருக்கு அழகாச்சி கிணற்றுத் தண்ணீரைத்தான் காய்ச்சினார்கள். பதினோராம் நாள் அண்டாவுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தோல். அதைத் தேய்த்தெடுக்க ஒச்சம்மாள் புளியைக் கொதிக்க வைத்து ஒரு பகல் ஊறப் போட வேண்டியதாயிற்று. பத்து நாளுக்கே அண்டாவுக்கு அந்தக் கதி. இது ரெண்டு வருஷமாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் கொதிக்கக் கொதிக்க.

"இது அந்தக் கெணத்துக் கல்லு," என்றாள்.

"தெரியும்," என்றான் பெத்தன்.

"தெரியுமா?"

"போன ஆடியிலயே தெரியும். தண்ணி சிறுத்துப்போச்சுன்னு காரியக்காரர்ட்டச் சொன்னேன். கெணத்துல தண்ணிக்குப் பஞ்சமான்னு கேட்டாரு. தண்ணிதான் வெனைன்னு சொல்ல வாயி வரலை. மொதலாளிய பெத்த ஆத்தா கெணறுடி அது. அவுக போட்ட சோறு."

ஒச்சம்மாளுக்கு மெய்யநாதன் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பிப் புருஷன் மேல் விழுந்தது.

"ஆத்தா கெணத்துக்கு நோவக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டீக. இப்ப அந்தப் பழி ஒங்க தலையில வந்து ஒக்காந்திருக்கு. எறக்கி வைக்க ஆளு வேணுமா வேண்டாமா? எந்திரிங்க. அடியில தண்ணி ஏறுற குழாய அடைங்க, நான் புளி கொண்டாரேன்."

"புளியா?"

"அண்டாவுக்கு ஒண்ணு, இஞ்சினுக்கு ஒண்ணா? ரெண்டும் ஒரே கல்லுதான்."

ஒரு எஞ்சினுக்கு வேண்டிய புளி அவள் வீட்டில் ஏது. அவள் செட்டியாரின் மனைவி நீலாயதாட்சி ஆச்சியிடம் போனாள். ஆச்சி ரெண்டாம் கட்டு முற்றத்தில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தவலையைக் காலையிலேயே பார்த்துவிட்டதால் ஆச்சி கொஞ்சம் எச்சரிக்கையாகவே கேட்டாள்.

"என்ன ஒச்சம்மா, யாரைத் தேய்க்கப் போறே?"

"ஆச்சி, எனக்குப் பழம்புளி வேணும். ஒரு பானை. ரெண்டு வருசத்துப் புளி இருந்தாத் தேவல."

"ஒரு பானைப் புளியில எந்த ஊருக்கு ரசம் வைக்கப் போறே?"

"மில்லு எஞ்சினுக்குள்ள கல்லு பிடிச்சுக் கெடக்கு ஆச்சி. எம் புருசன் குடிக்கலை, தூங்கலை. கெணத்துத் தண்ணி உப்பு. அந்த உப்புத்தான் எஞ்சினை அடைச்சிருச்சு. ஒங்க மாமியா பேரு கெணறுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

சொல்லிவிட்டு நின்றாள். ரெண்டு வருஷமாக அந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் வராத வார்த்தை, அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆச்சி வத்தலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். பிறகு தலை நிமிராமலே பேசினாள்.

"நீ சொன்னது எதுவும் எங் காதுல விழல. மூணு வருசத்துப் புளி கடைசிப் பானையில கருத்துப்போய்க் கெடக்கு, எடுத்துக்க. பழைய அண்டா ரெண்டையும் கொண்டு போ." குரலைத் தாழ்த்தி, "எங்க மாமியா இருக்கும்போது அவுக பேச்சுல நான் பட்ட உப்புக்கு இந்தக் கெணறு எம்மாத்திரம்," என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் ஒச்சம்மாள் சிரித்திருப்பாள்.

புதன்கிழமை காலையில் மில் முற்றத்தில் கல் கூட்டி அண்டா ஏற்றினாள். தண்ணீர் கண்மாய்த் தண்ணீர். அவளே குடத்தில் எடுத்து வந்து வேட்டித் துணியில் வடிகட்டியது. புளியைக் கரைத்து, கொட்டையும் கோதும் வடித்துக் கொதிக்க வைத்தாள். கரைசல் ரத்தக் கறுப்பாக இருந்தது. பெத்தன் அடிக் குழாயில் மரக்கட்டை முளையைத் துணி சுற்றி அடித்து அடைத்தான்.

அப்போதுதான் மெய்யநாதன் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார். பெத்தனோடு கூட வேலை பார்க்கிறவர்கள் கல் பிடித்திருக்கிற சேதியை அவர் காதில் போட்டிருந்தார்கள். செட்டியார் கண்ணில் கல் படுவதற்கு முன்னால் அதைத் தட்டி உதிர்த்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. கிணற்றுக்கு இடம் பார்த்தவர் அல்லவா.

"நவுருடா. வெளிய ரெண்டு போடு போட்டா உள்ள இருக்கிறது பொலபொலன்னு உதுந்துரும்."

பெத்தன் நகர்ந்திருப்பான். ஒச்சம்மாள் கையில் கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள்.

"ஒங்க வீட்டு அண்டாவுல கல்லு பிடிச்சா உளிய வச்சுத்தான் தட்டுவீகளா, காரியக்காரரே?"

"இது இரும்புடி."

"வார்ப்பு இரும்பு," என்றான் பெத்தன் மெல்ல. "தட்டுனா விண்டுரும். விண்டா ஒட்ட வைக்க மதுரையில கூட ஆளில்லை."

"அப்படி விண்டுச்சுன்னா மொதலாளிட்ட யாரு தட்டுனான்னு நான் சொல்லுவேன்," என்றாள் ஒச்சம்மாள். "இத்தன பேரும் பாத்துக்கிட்டிருக்காக."

மெய்யநாதன் சுற்றிப் பார்த்தார். நெல் மூட்டைக்காரர்கள் அண்டாவைச் சுற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செட்டியார் எஞ்சினுக்குப் புளிக்கொழம்பு ஊத்துறாளாம். ஊத்து. இன்னமும் கெட்டுச்சுன்னா புருசனும் பொஞ்சாதியும் இந்த ஊருல இருக்க மாட்டீக," என்று சொல்லிவிட்டு உளியை எறிந்துவிட்டுப் போனார்.

மேல் குழாய் வழியாகக் கொதிக்கிற புளிக் கரைசலை ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் எஞ்சினின் வயிற்றுக்குள் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி சுர்ரென்று ஒரு சத்தம். குழாய் வாயில் கள் பொங்குகிற மாதிரி நுரை ஏறி வழிந்தது.

கூட்டத்தில் ஒருவன், "ஒச்சம்மா, ரசத்தை எப்ப எறக்குவ?" என்று கேட்டான்.

"காரியக்காரவுக எலை போட்டதும் எறக்குறேன். ஒனக்கு இப்பவே ஒரு கரண்டி ஊத்தவா?"

அவன் மூட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

முதல் ஊற்றலை மத்தியானத்தில் வடித்தார்கள். கஞ்சி மாதிரிக் கலங்கலாக, சேறும் துருவுமாக வந்தது. ஒச்சம்மாள் விரலை விட்டுப் பார்த்தாள். முதல் கணு வரைக்கும் போயிற்று. ரெண்டாம் ஊற்றல் சாயங்காலம் வரை ஊறியது. அதில் முட்டை ஓடு போலச் சில்லுகள் வந்தன. வியாழக்கிழமை மூன்றாம் ஊற்றல். அன்றைக்குப் பெத்தன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தால் சங்குக்குள் இருப்பது போல வரிவரியாகக் கல். மேல் தோல் எல்லாம் புளியில் இளகி மாவாகியிருந்தது. இரும்பு கீறாமல் இருக்க மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டு அவன் உள்ளே சுரண்டினான். அவள் கீழே முறத்தைப் பிடித்துக்கொண்டு விழுவதை வாங்கினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவள், "சுரண்டுங்க," என்றாள்.

புளியை அப்படியே விட்டால் பித்தளையையே அரித்துவிடும், இரும்பை விடுமா. கண்மாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி அலசினாள். ஒரு தடவை அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளிந்த தண்ணீரால் கழுவினாள். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் முறம் நிறையக் கல் சேர்ந்துவிட்டது. அவள் கை ரெண்டும் விரல் இடுக்கில் தோல் உரிந்து, சோற்றில் கை வைத்தால் எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செட்டியாரின் மோட்டார் கார் வந்து நின்றது. மெய்யநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். செட்டியார் நல்ல மனுஷர், ஆனால் ஒரு சண்டை என்றால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறவர். எல்லாம் சமாதானமாக இருந்தால் போதும் என்கிற ஜாதி.

பெத்தன் ஊதுவிளக்கைப் பற்றவைத்து, எஞ்சினின் தலைக் குண்டைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினான். பெரிய சக்கரத்தைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினான். எஞ்சின் ரெண்டு தடவை தும்மிவிட்டு, டுப் டுப் என்று பிடித்துக்கொண்டது. தொட்டியில் இருந்தது கண்மாய்த் தண்ணீர். மேல் குழாயிலிருந்து கட்டை விரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது. செட்டியார் கையை நீட்டிப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஆத்துல ஓடுன மாதிரியே ஓடுது," என்றார் சந்தோஷமாக.

"மூணு நாளா இங்குட்டு அங்குட்டு நகரலை மொதலாளி, கூடவே நின்னு பாத்தேன்," என்றார் மெய்யநாதன். "இவன் பண்ணுன கேட்டுக்கு வேற யாராருந்தாலும் தலை முழுகியிருப்பாக."

செட்டியார் பெத்தன் பக்கம் திரும்பினார். "குடியெல்லாம் விட்டுரு பெத்தா. பர்மாவுலேர்ந்து கூட இருக்கிறவன். இந்தத் தடவை மன்னிச்சுட்டேன். வேலையப் பாரு."

அங்கே நின்ற எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. பெத்தனுக்கும் இருந்தது, அவன் கும்பிடக் கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பார்த்ததும்தான் ஒச்சம்மாளுக்கு, மூன்று நாளாக அடுப்பில் வைத்திருந்தது பொங்கியது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டால், செய்தான் என்று ஆகிவிடுகிறது. அதைவிட வேலை போயிருந்தால் தேவலை.

"மன்னிக்க வேணாம் மொதலாளி," என்றாள்.

செட்டியார் திரும்பினார். அவள் முறத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இது அந்த இஞ்சினு வயித்துலேர்ந்து எடுத்தது. எம் புருசன் குடிக்கலை. இஞ்சினுதான் குடிச்சிச்சு, ரெண்டு வருசமா. வெடிக்கப் போற நேரத்துல எண்ணெய நிறுத்திக் காப்பாத்துனது அவரு. குடிகாரன்னு ஊருக்கு முன்னால சொன்னது ஒங்க காரியக்காரரு."

"கல்லு எங்கருந்து வந்துச்சு?" என்றார் செட்டியார்.

மெய்யநாதன் எஞ்சினைப் பார்த்தார். பெத்தன் தரையைப் பார்த்தான். மூட்டைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சம்மாள் கிணற்றடிக்குப் போய், ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து ரெண்டு கையாலும் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க மொதலாளி. இதுல வெல்லம் போடலை."

வாங்காமல் இருக்க முடியாது. ஆத்தா கிணற்றுத் தண்ணீரை அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று எந்த மகன் சொல்லுவான். செட்டியார் செம்பை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். முதல் மடக்கில் தொண்டை நின்றது. கண் மெல்ல, கல்லில் வெட்டியிருந்த ஆத்தா பெயரின் பக்கம் போயிற்று. அப்புறம் அவர் விடாமல் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தண்ணிக்கு என்ன," என்றார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மெய்யநாதனைப் பார்க்காமலே, "இனிமே இஞ்சினுக்குக் கண்மாய்த் தண்ணி வண்டியில வரட்டும். ஏற்றத்தைக் கழத்திப்புடு," என்றார்.

சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

"அது இஞ்சினுக்கு," என்றாள் ஒச்சம்மாள். "எம் புருசனுக்கு?"

"வேலை இருக்குல்ல தாயி."

"வேலை கேக்கலை. நெல்லு கொண்டாந்தவுக முன்னால குடிகாரன்னு சொன்னாக. அவுக முன்னாலயே இல்லைன்னு சொல்லணும். கெணத்தைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அது ஒங்க ஆத்தா. இது எம் புருசன்."

செட்டியார் திரும்பி மூட்டைக்காரர்களைப் பார்த்தார். உப்பு இன்னும் நாக்கில் இருந்திருக்கும். "சொல்லிரு மெய்யநாதா," என்றார்.

மெய்யநாதன் மீசைக்குள்ளேயே ஏதோ சொன்னார். எஞ்சின் டுப் டுப் என்று ஓடிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"காதுல விழலை," என்றாள் ஒச்சம்மாள்.

"அதான் சொல்லிட்டேன்ல. எஞ்சினு சத்தத்துல நான் என்ன தொண்டைய கிழிக்கவா?"

அப்போது பெத்தன் செய்ததை ஒச்சம்மாள்கூட எதிர்பார்க்கவில்லை. அவன் குனிந்து எண்ணெய்க் குழாயின் திருகை மூடினான். சக்கரம் இன்னும் பத்துச் சுற்று சுற்றி, மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. அதைத் திரும்பக் கிளப்ப வேண்டுமானால் குண்டை மறுபடி காய்ச்ச வேண்டும். அரை மணி நேரம் ஆகும். முப்பது பேர் மூட்டையோடு நிற்கிறார்கள். முதலாளி நிற்கிறார். பெத்தன் நிமிர்ந்து மெய்யநாதனைப் பார்த்தான்.

"இப்பச் சொல்லுங்க," என்றான்.

காக்கை கத்துகிறது கேட்டது. மெய்யநாதன் செட்டியாரைப் பார்த்தார். செட்டியார் கார்ச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்தன் குடிக்கலை," என்றார் மெய்யநாதன். "எஞ்சினு நின்னது அவன் தப்பில்லை. நான் சொன்னது தப்பு."

செட்டியார் காரில் ஏறிப் போய்விட்டார். மெய்யநாதன் ஏற்றத்தைக் கழற்ற ஆள் தேடுகிற சாக்கில் அந்தப் பக்கம் நழுவினார். பெத்தன் ஊதுவிளக்குக்கு எண்ணெய் ஊற்றினான். அன்றைக்கு நேரமாகிறது என்று அவனை ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

ஒச்சம்மாள் முறத்தை எடுத்துக் கல்லைக் கொட்டிவிட்டுக் கிளம்பினாள். பின்கட்டில் ரெண்டு புளி அண்டாவும் தேய்க்கக் கிடந்தன. அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மூட்டைக்காரர்கள் ஒவ்வொருத்தராக அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நல்லாக் கேட்ட ஒச்சம்மா. அது உப்புத்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றான் ஒருத்தன்.

"எம் பொண்டாட்டி அந்தத் தண்ணியில பருப்பு போட்டா மூணு நாளைக்கு வேகாது," என்றான் இன்னொருத்தன்.

"நாங்கூடச் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்," என்றார் மூன்றாவதாக ஒரு பெரிய மனுஷர்.

மூன்று நாளில் மெய்யநாதன் மேல் வந்ததும், புருஷன் மேல் வந்ததும், செட்டியார் மேல் வந்ததும் எல்லாம் சேர்த்தாலும் அந்த நிமிஷத்தில் வந்த கோபத்துக்கு ஈடாகாது. திங்கட்கிழமை பெத்தனைக் கை நீட்டிக் குடிகாரன் என்றபோது இவர்கள் இதே இடத்தில், இதே மூட்டை மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றாள். "தெரிஞ்சதை வச்சுக்கங்க. வீட்டுக்குக் கொண்டுபோயி ஊறுகா போடுங்க."

முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் நடந்தாள். அந்த மனுஷர்களில் நாலு பேரோடு அவள் அதற்கப்புறம் சாகிற வரைக்கும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகப் பெத்தனோடு எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள், எஞ்சினை அவன் நிறுத்தினதற்காக, பேசினாள்.